கம்பி தெரியும் பால்கனி: முதலில் யாரைக் கூப்பிடுவது?

பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பது, அதற்கு அனுமதி வாங்குவது, தாளில் கையெழுத்திடும் கட்டமைப்புப் பொறியாளரைத் தேர்ந்தெடுப்பது ஆகியவை பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

திருவான்மியூர் வாசகர்: எங்களுடையது 1992-ல் கட்டிய மூன்று மாடிக் குடியிருப்பு. கீழே வண்டி நிறுத்தம், மேலே 12 வீடுகள். பால்கனிகளின் அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. கீழே இரண்டு தூண்களில் நெட்டுவாக்கில் விரிசல். ‘கெமிக்கல் போட்டுப் பூசிவிடலாம், கார்ப்பரேஷன் அனுமதி தேவையில்லை, இன்ஜினியர் செலவு வீண்’ என்கிறார் ஒரு ஒப்பந்தக்காரர். நம்பலாமா?

அனுமதி வேண்டுமா என்பது ஒரு கேள்வி. பொறியாளர் வேண்டுமா என்பது வேறு கேள்வி. அவர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். முதல் கேள்விக்கு ‘வேண்டாம்’ என்று பதில் வந்தாலும், உங்கள் கட்டடத்துக்குப் பொறியாளர் கட்டாயம் வேண்டும்.

அனுமதியை முதலில் பார்த்துவிடுவோம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளன. பூச்சு, ஒட்டுவேலை, வெள்ளையடிப்பு, தரை மாற்றுவது போன்ற பராமரிப்புக்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை. பரப்போ உயரமோ கூடினாலும், பயன்பாடு மாறினாலும், புது அறையோ புது மாடியோ வந்தாலும் அனுமதி வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் தூண்கள் நிற்கின்றன. பழைய அளவிலேயே சரிசெய்தால் அது பழுது. பொறியாளர் சோதித்துவிட்டு ‘தூணைச் சுற்றிக் கான்கிரீட் உறை போட வேண்டும்’ என்றால் கதை மாறும். பழைய கட்டடங்களை வலுப்படுத்துவது பற்றிய இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 15988 அந்த உறைக்குக் குறைந்தது 100 மி.மீ. கனம் கேட்கிறது. 230-க்கு 300 மி.மீ. தூண், நாலு பக்கமும் உறை போட்டால் 430-க்கு 500 ஆகிவிடும். கார் போகும் வழி குறுகும், ஒப்புதல் வரைபடத்தில் உள்ள அளவும் மாறும். அதனால் வேலை தொடங்குவதற்கு முன்பே பொறியாளரின் வரைபடத்தையும் கடிதத்தையும் மண்டல அலுவலகத்தின் நகரமைப்புப் பிரிவில் கொடுத்து, இந்த வேலைக்கு அனுமதி தேவையா என்று எழுத்தில் கேளுங்கள். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை மறக்காமல் வாங்குங்கள். பாதி வேலையில் யாராவது புகார் கொடுத்து மேற்பார்வையாளர் வந்து நின்றால் கையில் காட்ட அந்தத் தாள் இருக்க வேண்டும்.

இனி கட்டடத்துக்கு வருவோம். தூணின் மூலையை ஒட்டி நெட்டுவாக்கில் ஓடும் விரிசல், பெரும்பாலும் உள்ளே கம்பி துருப்பிடித்ததன் அடையாளம். துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் மேல் கான்கிரீட் பிளக்கிறது. மேலே எதைத் தடவிப் பூசினாலும் விரிசல் மறையுமே தவிரத் துரு நிற்காது. 8 மி.மீ. கம்பி 7 மி.மீ. ஆகத் தேய்ந்தாலே வெட்டுப்பரப்பில் 23 சதவீதம் போய்விட்டது. 12 மி.மீ. கம்பி 10 ஆனால் 30 சதவீதத்துக்கு மேல் இழப்பு. 20, 25 சதவீதத்தைத் தொட்டால் புதுக் கம்பி சேர்ப்பது என்பது பழுதுத் தொழிலில் வழக்கமான வரம்பு. துருவைச் சுரண்டி எடுத்து, வெர்னியர் என்ற அளவுகருவி வைத்து அளந்து, கணக்குப் போட்டுச் சொல்வது பொறியாளரின் வேலை. பூசுகிறவர் அதைச் செய்ய மாட்டார்.

சேர்க்கும் கம்பியிலும் ஏமாற்றம் உண்டு. புதுக் கம்பி, துருவேறாத பழைய கம்பியோடு போதுமான நீளத்துக்குச் சேர்ந்து படர வேண்டும். எம்20 தரக் கான்கிரீட்டில், இழுவிசை உள்ள இடத்தில், 12 மி.மீ. எஃப்.இ. 415 தர முறுக்குக் கம்பிக்கு அந்த நீளம் சுமார் 565 மி.மீ. அதாவது கம்பி விட்டத்தைப் போல 47 மடங்கு. வேலையிடத்தில் அரை அடித் துண்டை வைத்துக் கட்டுக்கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகிறார்கள். அந்தத் துண்டு எந்தப் பாரத்தையும் வாங்காது.

பால்கனி இன்னும் நுட்பமானது. சுவரிலிருந்து வெளியே நீட்டி நிற்கும் ஸ்லாபில் இழுவிசை மேல்பக்கம் வரும், முதன்மைக் கம்பியும் மேலேதான் கிடக்கும். நீங்கள் பார்ப்பது அடிக் கம்பியை. பால்கனியின் உயிர் தரை டைல்ஸுக்கு அடியில், சுவரை ஒட்டிய இடத்தில் கண்ணில் படாமல் இருக்கிறது. மழைத்தண்ணீரும் கழுவும் தண்ணீரும் இறங்குவதும் அங்கேதான். அடியில் மட்டும் பார்த்துவிட்டு அறிக்கை தரும் பொறியாளரிடம், சுவரோரம் இரண்டு டைல்ஸைப் பெயர்த்து மேல் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படிப் பெயர்ப்பதற்கு முன்னால் தரையிலிருந்து ஒவ்வொரு மாடியிலும் நேர்க்கோட்டில் முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். முட்டில்லாமல் மேல்பக்கத்தைக் கொத்தினால், வேலையாள் நிற்கும்போதே பால்கனி மொத்தமாகக் கீழே வரக்கூடும்.

பழுதுவேலையில் எது தவறிப்போகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பி தெரியும்வரை மட்டும் கொத்தினால் போதாது. கம்பிக்குப் பின்னாலும் 20, 25 மி.மீ. கொத்தி இடைவெளி விட வேண்டும், அப்போதுதான் புதுக் கலவை கம்பியைச் சுற்றிப் பிடிக்கும். கம்பி பளிச்சென்று ஆகும்வரை துரு போக வேண்டும். பிரைமர் அதற்குப் பிறகுதான். ஆழம் குறைந்த இடத்தில் பாலிமர் கலந்த சாந்து, சுமார் 50 மி.மீ.க்கு மேல் போனால் மைக்ரோ கான்கிரீட், அதாவது நுண்ஜல்லி கலந்து ஊற்றும் கான்கிரீட். இவ்வளவும் செய்த பிறகும், ஒட்டுப்போட்ட இடத்தின் ஓரத்தில் இரண்டு மூன்று வருடத்தில் மறுபடி வெடிப்பதுண்டு. பழைய கான்கிரீட்டில் உப்பு மிச்சம் இருந்தால் அரிப்பு பக்கத்துக்கு நகர்ந்துவிடும். கடலோரத்தில் உப்புக்காற்று ஒரு காரணம், கட்டும்போது உவர் ஆழ்துளைத் தண்ணீரில் கலவை போட்டிருந்தால் அது இன்னொன்று. கம்பி போட்ட கான்கிரீட்டின் கலவைத் தண்ணீரில், கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 அனுமதிக்கும் குளோரைடு, அதாவது அரிப்பைத் தூண்டும் உப்புப் பொருள், லிட்டருக்கு 500 மில்லிகிராம்தான். ஆகவே கான்கிரீட்டை வெவ்வேறு ஆழத்தில் துளைத்துத் தூள் எடுத்து குளோரைடு சோதனை செய்தாரா என்று கேளுங்கள். திருவான்மியூரில் இந்தச் சோதனையை விட்டுவிட்ட அறிக்கை அரைகுறைதான்.

ஆக, சங்கத்தின் பெயரில் பொறியாளரை முதலில் அமர்த்துங்கள். சோதனை, வரைபடம், அளவுப் பட்டியல் எல்லாம் வந்த பிறகு அதே பட்டியலை மூன்று ஒப்பந்தக்காரர்களிடம் கொடுத்து விலை கேளுங்கள். இப்போது வந்திருப்பவரும் அந்த மூவரில் ஒருவராக இருக்கலாம்.

திருச்சி வாசகி: வீட்டுக்கு பிளான் போட்டுக் கொடுத்த லைசென்ஸ்டு சர்வேயரே பழுதுவேலைக்கும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்கிறார். சரியான பொறியாளரை எப்படி அடையாளம் காண்பது?

கட்டடக் கலைஞர்களுக்கு 1972-ம் ஆண்டுச் சட்டமும் அகில இந்தியக் குழுமமும் இருப்பதுபோல, நம் நாட்டில் பொறியாளர்களுக்குத் தேசிய அளவில் ஒரே உரிமச் சட்டம் இல்லை. பி.இ. சிவில் பட்டம் மட்டும் இருந்தால் ‘லைசென்ஸ்’ வந்துவிடாது. திட்ட அனுமதி தரும் அமைப்பில் செய்துகொள்ளும் பதிவுதான் கணக்கு. 2019 விதிகள் கட்டடக் கலைஞர், பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர், மண்ணியல் பொறியாளர், கட்டுமானப் பொறியாளர், தரத் தணிக்கையாளர் என்று தனித்தனி வகையாகப் பதிவு செய்யச் சொல்கின்றன. வரைபடம் போடப் பதிவு பெற்றவர், தூணும் பீமும் பாரம் தாங்கும் என்று சான்று தரத் தகுதி பெற்றவர் ஆகிவிட மாட்டார். உங்கள் சர்வேயர் வரைபடத்தில் கைதேர்ந்தவராகவே இருக்கட்டும், இந்தக் கையெழுத்து அவருடையது இல்லை.

பதிவுச் சான்றின் நகலை வாங்கிப் பாருங்கள். எந்த வகை, எந்தத் தரநிலை, எந்த அமைப்பு கொடுத்தது, எந்தத் தேதிவரை செல்லும் என்று நான்கும் அதில் இருக்கும். அந்த எண்ணை மாநகராட்சி நகரமைப்புப் பிரிவில் நேரில் காட்டி உறுதி செய்யுங்கள். காலாவதியான பதிவோடு போட்ட கையெழுத்தால் கோப்பு திரும்பி வரும், நீங்கள் கொடுத்த பணம் திரும்பி வராது.

பதிவு வாசற்படிதான். புதுக் கட்டடம் வடிவமைக்கும் திறமையும் பழைய கட்டடத்தைப் படிக்கும் திறமையும் வேறு வேறு. அவர் பழுது பார்த்த, உங்களுடையதைப் போன்ற இரண்டு கட்டடங்களின் பெயரைக் கேட்டு, அங்கே குடியிருப்பவர்களிடம் பேசுங்கள். குறிப்பாக, வேலை முடிந்து மூன்று மழைக்காலம் கண்ட கட்டடமாக இருந்தால் நல்லது. முதல் தொலைபேசிப் பேச்சிலேயே ஆளை ஓரளவு எடைபோடலாம். எந்த வருடம் கட்டியது, எந்தத் தண்ணீர், ஒப்புதல் வரைபடம் இருக்கிறதா, எங்கெங்கே ஒழுகுகிறது, முன்பு யார் எதைப் பூசினார்கள் என்று அவர் உங்களைக் கேள்வி கேட்டால் நம்பிக்கையோடு வரச்சொல்லுங்கள். வந்து பார்க்காமலே தீர்வு சொல்கிறவரையும், ‘சர்டிபிகேட் மட்டும் வேண்டுமென்றால் இவ்வளவு’ என்று தொகை சொல்கிறவரையும் விட்டுவிடுங்கள்.

கோயம்புத்தூர் வாசகர்: ஒப்பந்தக்காரரே தன் இன்ஜினியரை இலவசமாக அனுப்புகிறார். தனியாக ஒருவரை அமர்த்தினால் ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்?

இலவசம் என்றால் அந்தச் சம்பளம் வேலைச் செலவுக்குள் ஒளிந்திருக்கிறது. அதைவிட முக்கியம், கொத்திய கான்கிரீட்டின் ஆழம் சரியா, கம்பி துரு போனதா என்று தன் முதலாளியின் வேலையை அவர் எப்படி நிராகரிப்பார்? பணம் யார் கொடுக்கிறாரோ அவர் பக்கம்தான் அறிக்கை சாயும். பொறியாளருக்கும் சோதனைக்கூடத்துக்கும் நீங்களே நேரடியாகக் கொடுங்கள்.

கட்டணத்தை வேலைத் தொகையில் இத்தனை சதவீதம் என்று வைக்காதீர்கள். வேலை பெருத்தால் கட்டணமும் பெருக்கும் ஏற்பாடு நல்லவரையும் சங்கடத்தில் தள்ளும். ஆய்வும் அறிக்கையும் ஒரு தொகை. வரைபடம், அளவுப் பட்டியல், அனுமதிக் கோப்பு ஒரு தொகை. மேற்பார்வைக்கு ஒரு வருகைக்கு இவ்வளவு. ஜி.எஸ்.டி. சேர்த்தா, தனியா என்பதையும் எழுதிவிடுங்கள்.

மேற்பார்வை என்று மொட்டையாக எழுதினால் அவர் எப்போது வருவார் என்பது அவர் இஷ்டம். நான்கு கட்டங்களில் அவர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் அடுத்த வேலை நடக்கக்கூடாது என்று எழுதுங்கள்: முட்டுக் கொடுத்து முடிந்ததும், கொத்தி முடித்துக் கம்பி முழுதாகத் தெரியும்போதும், புதுக் கம்பி கட்டியதும், மைக்ரோ கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பும். இரண்டாவது கட்டத்தில்தான் பணமும் இருக்கிறது. பழுதுவேலையில் கொத்திய பரப்பையும் ஆழத்தையும் வைத்துத்தான் பில் வரும். மூடிய பிறகு அளக்க முடியாது. பொறியாளர், ஒப்பந்தக்காரர், சங்கத்தில் ஒருவர் என மூவரும் சேர்ந்து அளந்து, அளவுகோலோடு படம் எடுத்து, புத்தகத்தில் கையெழுத்திட்டுக்கொண்டால் கடைசியில் சண்டை வராது.

அறிக்கையில் எந்தத் தேதியில் எந்தெந்தத் தூணும் பீமும் பார்த்தார், எந்தச் சோதனை எத்தனை இடத்தில், எவ்வளவு பாரம் என்று வைத்துக் கணக்கிட்டார், எதைப் பார்க்க முடியவில்லை என்பதெல்லாம் வர வேண்டும். கடைசியாகச் சொன்னதை மனம் திறந்து எழுதுகிற பொறியாளர் நேர்மையானவர். ‘கட்டடம் இன்னும் முப்பது வருடம் தாங்கும்’ என்ற ஒற்றை வரியால் யாருக்கும் பயனில்லை.

மதுரை வாசகர்: ஒருவர் வந்து சுத்தியல் போன்ற கருவியால் தூண்களில் அடித்துப் பார்த்து, எண் 40-க்கு மேல் வருகிறது, கான்கிரீட் பிரமாதம் என்றார். இதுபோதுமா?

போதாது. ரீபவுண்ட் சுத்தியல் மேல்தோலின் கெட்டித்தன்மையைத்தான் சொல்லும். பழைய கான்கிரீட்டின் மேற்பரப்பு காற்றிலுள்ள கரியமில வாயுவால் இறுகிப்போயிருக்கும், அதனால் எண் உண்மையைவிடக் கூடுதலாக வரும். சரியாகச் செய்தாலும் வலிமைக் கணிப்பில் 25 சதவீதம் மேலேயோ கீழேயோ தவறலாம். அதைவிடக் கொடுமை, அந்த இறுக்கம்தான் கம்பிக்கு ஆபத்து வரும் அடையாளம். அதே வாயு கான்கிரீட்டின் காரத்தன்மையையும் போக்கும், அது போய்விட்டால் கம்பிக்குப் பாதுகாப்பு இல்லை. புதிதாக உடைத்த முகத்தில் பினாப்தலின் கரைசல் தெளித்தால் காரம் உள்ள பகுதி இளஞ்சிவப்பாகும், போன பகுதி நிறம் மாறாது. நிறமில்லாத ஆழம் கம்பிவரை எட்டிவிட்டதா என்று அளவுகோலால் பார்க்கலாம். செலவு மிகக் குறைவு.

இதோடு, கான்கிரீட்டுக்குள் ஒலி அலை ஓடும் வேகத்தை அளக்கும் மீயொலி வேகச் சோதனை வேண்டும். நொடிக்கு 3.5 கி.மீ.க்கு மேல் நல்லது, 3-க்குக் கீழே சந்தேகம் என்பது நீண்ட நாள் வழக்கத்தில் உள்ள அளவு. அரிப்பு நடக்கிறதா என்று அறிய அரைமின்கல அழுத்தம், அதாவது கம்பியின் மின்னழுத்தம் பார்ப்பார்கள். செப்பு மின்முனையை வைத்து அளக்கும்போது கழித்தல் 350 மில்லிவோல்டைத் தாண்டினால் கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. வலிமையில் ஐயம் இருந்தால் கான்கிரீட்டிலேயே உருளை வெட்டியெடுத்து உடைத்துப் பார்ப்பதுதான் கடைசி வார்த்தை. குறைந்தது மூன்று உருளை வேண்டும். ஐ.எஸ். 456 படி அவற்றின் சராசரி அந்தத் தரத்துக்கு உரிய வலிமையில் 85 சதவீதம், எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. வெட்டுமுன் கம்பி எங்கே ஓடுகிறது என்று கருவியால் பார்த்துக் குறித்துவிட்டு வெட்ட வேண்டும். வெட்டிய ஓட்டையைச் சுருங்காத கிரௌட் என்ற சாந்தால் அன்றே அடைக்க வேண்டும்.

கும்பகோணம் வாசகி: எங்கள் அக்ரகாரத்து வீடு மெட்ராஸ் டெரஸ் கூரை போட்டது. கூடத்துக்கும் பக்கத்து அறைக்கும் இடையிலுள்ள சுவரை எடுத்துவிட்டுப் பெரிய கூடமாக்க ஆசை. ‘ஒரு இரும்பு பீம் வைத்தால் போதும்’ என்கிறார் மேஸ்திரி.

மேலே அண்ணாந்து பாருங்கள். கட்டைகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன? அந்தச் சுவரின் மேல் வந்து உட்கார்ந்தால், அந்தச் சுவர்தான் கூரையைச் சுமக்கிறது. சுவருக்கு இணையாக ஓடினால் பாரம் குறைவாக இருக்கலாம், ஆனாலும் மேலே உத்திரம் ஏதாவது அதன்மேல் முடிகிறதா என்று பார்க்காமல் சொல்ல முடியாது.

மெட்ராஸ் டெரஸ் கனமானது. கட்டைமேல் மூலைவாட்டாகக் குத்திட்டு அடுக்கிய சின்ன செங்கல், அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், அதற்கு மேல் தட்டோடு. சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்குக் குறையாது. நாலு மீட்டர் நீளச் சுவர், இருபுறமும் மூன்றரை மீட்டர் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கத்துக் கூரையிலும் பாதிப்பாதி இந்தச் சுவர்மேல் வரும், 14 சதுர மீட்டர். நாலு டன்னுக்கு மேல். இவ்வளவும் இன்று நாலு மீட்டர் நீளத்துக்குப் பரவி இறங்குகிறது. பீம் வைத்தால் அதன் இரண்டு முனையில் மட்டும் இறங்கும். முனைக்கு இரண்டு டன். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவர் அந்த இடத்தில் நசுங்கும். பீமின் தடிமனை மேஸ்திரி ஊகித்துவிடலாம். முனைக்கு அடியில் கான்கிரீட் படுகை எவ்வளவு நீளம், அங்கே தனித்தூண் வேண்டுமா, அதற்கு அடித்தளம் உண்டா என்பதைக் கணக்கு போட்டால்தான் தெரியும். இவற்றில் தவறித்தான் பீம் அப்படியே இருக்க, சுவர் இறங்கிக் கூரை பிளக்கிறது.

எடுக்கும் முறையும் முக்கியம். சுவரில் இடைவெளிவிட்டுத் துளைபோட்டு, குறுக்கே இரும்பு நுழைத்து இருபுறமும் முட்டுக் கொடுத்து, பாரம் முட்டுக்கு மாறிய பிறகுதான் கல்லை எடுக்க வேண்டும். பீம் ஏறியதும் அதற்கும் மேலே உள்ள கட்டடத்துக்கும் இடையில் இடைவெளி விடாமல் இறுக்கிச் செருக வேண்டும். அந்தத் தருணத்தில் பொறியாளர் அங்கே இருக்க வேண்டும். அதற்கு முன்பே கட்டை முனைகளைச் சுவருக்குள் போகும் இடத்தில் கூரான கம்பியால் குத்திப் பார்ப்பார். வெளியே வைரம் பாய்ந்த தேக்காகத் தெரிவது உள்ளே ஓதத்தில் மக்கியோ கரையான் அரித்தோ இருக்கும்.

வீட்டின் உள்ளமைப்பும் பாரம் இறங்கும் வழியும் மாறுவதால், பொறியாளரின் வரைபடத்தோடு நகரமைப்புப் பிரிவுக்குப் போகாமல் இதைத் தொடங்காதீர்கள். அக்ரகாரத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பீம் முனை வந்து உட்காரும் பக்கச் சுவர் பொதுச்சுவராக இருந்து, அடுத்த வீட்டுக் கட்டைகளும் அதிலேயே ஏறியிருக்கலாம். அவர்கள் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். ஓதம் வெளியேற வழியில்லாமல் கட்டை முனைக்குப் போய்ச் சேரும்.

புரசைவாக்கம் வாசகர்: மொட்டை மாடி ஒழுகுகிறது. பழைய சுருக்கித் தளத்தை உடைக்காமல் அதன்மேலேயே புதுசாகப் போட்டால் செலவு குறைவு என்கிறார்கள். இதற்கெல்லாம் பொறியாளரா?

ஒரு கணக்கு போதும். சுருக்கித் தளம் என்பது ஸ்லாபின்மேல் போடும் செங்கல் ஜல்லிக் கலவை அடுக்கு. 100 மி.மீ. கனத்தில் அது சதுர மீட்டருக்கு 180 முதல் 200 கிலோ. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு வடிவமைப்பில் ஒதுக்கும் பயன்பாட்டுப் பாரமே சுமார் 150 கிலோதான். அதாவது ஒரு பழைய அடுக்குமேல் இன்னொரு அடுக்கு போட்டதுமே, ஆள் நிற்பதற்கும் துணி காயப்போடுவதற்கும் வைத்திருந்த இடம் முழுவதும் தீர்ந்து கடனும் ஏறிவிட்டது. ஏற்கெனவே கம்பி துருப்பிடித்த ஸ்லாபாக இருந்தால் சொல்ல வேண்டியதில்லை. இதே மாடியில் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒன்று வைத்தால் இன்னொரு டன். பழையதை முழுக்க எடுத்து, ஸ்லாபின் மேல்முகத்தைப் பொறியாளர் பார்த்த பிறகு புதிதாகப் போடுங்கள். உடைத்த குப்பையை மாடியில் ஒரே மூலையில் குவிக்கவிடாதீர்கள், அன்றன்றே இறக்கச் சொல்லுங்கள்.

நாகர்கோவில் வாசகர்: ஒப்புதல் வரைபடம் தொலைந்துவிட்டது. பின்பக்கம் வரைபடத்தில் இல்லாத ஒரு அறையும் உண்டு. பொறியாளரிடம் சொல்லலாமா?

சொல்லிவிடுங்கள். மறைத்தால் அந்த அறையின் பாரம் கணக்கில் வராது, பழுதும் தவறாகும். வரைபட நகலை மாநகராட்சியில் அனுமதி எண்ணைக் கொடுத்துக் கேட்கலாம், கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். எண்ணும் இல்லையென்றால் வீட்டுக்கடன் வாங்கிய வங்கியில் ஒரு நகல் இருக்கக்கூடும். கம்பி வரைபடம் பெரும்பாலும் கிடைக்காது. பொறியாளர் அளந்து, கம்பி காட்டும் கருவியால் பார்த்து, புதிதாக வரைவார். விதிமீறிய பகுதியைக் கோப்பில் இல்லாததுபோல வரைந்து தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். கையெழுத்து அவருடையது, வீடு உங்களுடையது.

பெசன்ட் நகர் வாசகி: பக்கத்து மனையில் நிலத்தடித் தளத்துக்குத் தோண்டத் தொடங்கியிருக்கிறார்கள். எங்கள் சுவரில் மயிரிழை விரிசல்கள் தெரிகின்றன. இவை முன்பே இருந்தவையா என்று தெரியவில்லை.

இன்றே ஒரு கட்டமைப்புப் பொறியாளரை வரவழைத்துப் பதிவு செய்யுங்கள். முடிந்தால் பக்கத்து மனைக்காரரின் பொறியாளரும் கூட இருக்கட்டும், இருவரும் கையெழுத்திடட்டும். ஒவ்வொரு விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, விரிசலின் இருபுறமும் கெட்டியாக ஒட்டுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது.

உங்கள் அஸ்திவார அடியிலிருந்து பள்ளத்தை நோக்கி 45 பாகையில் சாய்வாக ஒரு கோடு இறக்கிப் பாருங்கள். பள்ளம் அந்தக் கோட்டுக்குக் கீழே போனால், பக்கவாட்டில் மண் தாங்கு அமைப்பு இல்லாமல் தோண்டக்கூடாது என்பது பழைய கைக்கணக்கு. பெசன்ட் நகரில் மணல். தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்கும்போது நுண்மணலும் சேர்ந்து வெளியேறினால், பள்ளம் தூரத்தில் இருந்தாலும் உங்கள் தரை இறங்கும். இறைக்கும் தண்ணீர் கலங்கலாக வருகிறதா என்று தினமும் பாருங்கள். கலங்கல் வந்தால் பொறியாளரின் அறிக்கையோடு மாநகராட்சிக்கும் திட்ட அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, மண் தாங்கு அமைப்பின் வரைபடத்தைக் கேளுங்கள்.

எண்ணூர் வாசகர்: பொறியாளர் வர நான்கு நாள் ஆகும் என்கிறார். அதுவரை வீட்டில் இருக்கலாமா? எப்போது வெளியேற வேண்டும்?

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் அரசுக் குடியிருப்பின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டவர்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. அவர்கள் பொறியாளரின் அறிக்கைக்காகக் காத்திருக்கவில்லை.

தூணில் சாய்வாக ஓடும் விரிசல், தூணின் கம்பி வெளிப்பக்கம் வளைந்து தெரிவது, பீம் தூணில் சேரும் இடத்தில் கான்கிரீட் பாளம் பாளமாக விழுவது, நேற்றுவரை சரியாகச் சாத்திய கதவு இன்று திடீரென நிலையில் இடிப்பது, இரவில் சுவரிலிருந்து ‘பட்’டென்று சத்தம், ஒரே நாளில் அகலும் விரிசல். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கீழ்வீடு, மேல்வீடு எல்லோரும் வெளியேறுங்கள். மின்சார மெயின் சுவிட்சை அணைத்து, சிலிண்டர் வால்வை மூடிவிட்டு இறங்குங்கள். அதற்காக உள்ளறைக்குத் திரும்பிப் போகாதீர்கள். தீயணைப்புக்கும் மாநகராட்சிக்கும் தகவல் சொல்லுங்கள். அதன்பின் வருகிற பொறியாளர் முட்டுக் கொடுக்கச் சொன்னால், எந்த இடத்தில், எத்தனை, எந்தத் தளத்திலிருந்து என்று படம் போட்டுக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். முட்டு கொடுத்த பிறகும், உள்ளே போகலாம் என்று அவர் எழுத்தில் தரும்வரை பொருள் எடுக்கக்கூட யாரையும் மாடி ஏறவிடாதீர்கள்.